தீர விசாரிப்பதே மெய்: வீட்டுத் திரையில் படம் பார்ப்போருக்குச் சில சொற்கள்

(நாகர்கோவிலில் திரைப்பட ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மாதந்தோறும் இந்த அரங்கைக் கட்டணமின்றித் திறந்துவிடும் நூலகர் அவர்களே, அழைப்பிதழ் முதல் ஒலிபெருக்கி வரை எல்லாவற்றையும் தன் தோளில் சுமக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, திரையரங்கு நடத்திய குடும்பத்திலிருந்து வந்து இந்த மேடையைச் சிறப்பித்திருக்கும் பெரியவர் அவர்களே, புரொஜெக்டர் அறையின் வெக்கையில் நின்று இந்த ஊருக்கே படம் காட்டிய ஆபரேட்டர் அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆபரேட்டர் அண்ணாச்சிக்கு இன்னொரு வணக்கத்தைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். படத்தை உரிய வடிவத்தில், உரிய வேகத்தில், உரிய ஒலியோடு நம் கண்முன் நிறுத்த ஒருவர் அன்று பொறுப்பாக இருந்தார். லென்ஸ் மாற்றுவது, ஃபோகஸ் பார்ப்பது, ரீல் முடியுமுன் அடுத்த மெஷினை ஓட விடுவது, எல்லாம் அவர் கையில். இன்று வீட்டில் அந்த வேலை ரிமோட்டுக்குப் போய்விட்டது. ரிமோட் நம் கையில் இருக்கிறது. ஆகவே ஆபரேட்டர் இப்போது நாம்தான்.

இந்த மன்றத்தில் மாதம் ஒருமுறை கூடி, வீட்டில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசுகிறோம். சென்ற கூட்டங்களில் எழுந்த கருத்துகளை நினைத்துப் பாருங்கள். "பழைய படம்தான், ஆனால் முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கு." "சண்டைக் காட்சி டிவி சீரியல் மாதிரி இருக்கு." "வசனம் காதிலேயே விழல." "கலர் ஒரே ரோஸா இருக்கு, ஒளிப்பதிவு சரியில்ல." இவை எல்லாம் படத்தின் மேல் சுமத்திய குற்றங்கள். இவற்றில் ஒன்றுகூடப் படத்தின் குற்றம் அல்ல என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த வழக்கு. நம் பெரியவர்கள் சொன்னார்கள்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

கண், காது, பிரதி, கீழெழுத்து என்று நான்கைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் கண். இன்றைய தொலைக்காட்சியின் அகலம் 16, உயரம் 9. அதாவது உயரத்தைப்போல் 1.78 மடங்கு அகலம். ஆனால் 1950களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறத்தாழச் சதுரமான 1.37 மடங்கு அகலத்தில் எடுக்கப்பட்டவை. அந்தப் படத்தைத் திரை முழுவதும் நிரப்ப வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் இரண்டு கொடுமைகளில் ஒன்று நடக்கும். இழுத்து நீட்டினால் பத்து விரற்கடை அகல முகம் பதின்மூன்று விரற்கடை ஆகும். பெருக்கி வெட்டினால் மேலும் கீழுமாகக் கால் பங்குக்குச் சற்றுக் குறைய உயரம் போய்விடும். 1958இல் வந்த வஞ்சிக்கோட்டை வாலிபனில் வைஜயந்திமாலாவும் பத்மினியும் ஆடும் போட்டி நடனம் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. அந்த நடனத்தை வெட்டிய பிரதியில் பார்த்தால் பாதம் போய்விடும். பாதத்தைப் பார்க்காமல் எந்த நடனத்துக்குத் தீர்ப்புச் சொல்வது?

சினிமாஸ்கோப் படத்துக்கு நேர்வது இதற்குத் தலைகீழ். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். ஸ்கோப்பின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. அதைத் தொலைக்காட்சியில் ஒழுங்காகக் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அந்தக் கறுப்பு பிடிக்கவில்லை என்று பெருக்கினால் இரு பக்கமுமாகக் கால் பங்கு படம் வெளியே போகும். திரையின் இரு ஓரத்தில் நின்று இருவர் வாதாடும் காட்சியில் இரண்டு மூக்குகள்தான் மிஞ்சும். தயவுசெய்து கறுப்புப் பட்டையைக் கண்டு கோபப்படாதீர்கள். படம் முழுதாக வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

என்ன செய்ய வேண்டும்? ரிமோட்டில் செட்டிங்ஸ், பிக்சர், அதில் ஆஸ்பெக்ட் ரேஷியோ. "ஜூம்", "ஸ்ட்ரெட்ச்", "வைட்" எதுவும் வேண்டாம். "ஒரிஜினல்" அல்லது "16:9" போதும். எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்", சோனியில் "ஃபுல் பிக்சல்", சாம்சங்கில் "ஃபிட் டு ஸ்கிரீன்" என்று ஒன்று இருக்கும். அதையும் போட்டுவிடுங்கள், ஓரங்களில் தொலைக்காட்சி தானாக நறுக்குவது நிற்கும்.

அடுத்தது அசைவு. படம் நொடிக்கு 24 சட்டங்களில், அதாவது 24 ஃபிரேம்களில், எடுக்கப்பட்டது. இன்றைய தொலைக்காட்சி நொடிக்கு 60 முறையோ 120 முறையோ திரையைப் புதுப்பிக்கிறது. இடைவெளியை நிரப்ப, இரண்டு சட்டங்களுக்கு நடுவே தானாகவே புதுச் சட்டங்களைக் கற்பனை செய்து செருகுகிறது. சண்டைக் காட்சி சீரியல்போல வழுக்குவது இதனால்தான். கேமராமேன் எடுக்காத படத்தைத் தொலைக்காட்சி எடுக்கிறது! 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்வாரியும் ஒரு காணொளியில் தோன்றி, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று உலகத்தையே கேட்டுக்கொண்டார்கள். சோனியில் இதன் பெயர் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் அல்லது பிக்சர் க்ளாரிட்டி. அணையுங்கள். 2020க்குப் பின் வந்த பல தொலைக்காட்சிகளில் "ஃபிலிம்மேக்கர் மோட்" இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலைகளில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் "சினிமா" அல்லது "மூவி". "விவிட்" மட்டும் வேண்டாம். கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்துப் பெட்டியைத் தோற்கடிக்க வைத்த முறை அது.

மெழுகு முகம் ஏன் வருகிறது? கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி மணிகள் உண்டு, அவை திரையில் மெல்லிய மணல்போல அசையும். தொலைக்காட்சியின் "நாய்ஸ் ரிடக்‌ஷன்" அந்த மணலை அழுக்கு என்று எண்ணித் துடைக்கிறது. மணலோடு தோலின் துளைகளும் புருவத்தின் மயிரும் போய்விடும். பழைய படத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். "ஷார்ப்னெஸ்" அளவையும் குறையுங்கள். சில நிறுவனங்களில் பூஜ்யம்தான் இயல்பு நிலை, சிலவற்றில் நடு எண். டைட்டில் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

இனி காது. காதால் கேட்பதும் பொய். இப்போதைய படங்களின் ஒலி 5.1 முறையில், அதாவது ஆறு ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்து, கலக்கப்படுகிறது. வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு என்று வைக்கப்படுகிறது. இசையும் இரைச்சலும் மற்ற ஐந்துக்கும் பிரியும். வீட்டிலோ தொலைக்காட்சியில் இரண்டே ஒலிபெருக்கி, அதுவும் தரையைப் பார்த்து. ஆறு வழிச் சாலையின் வண்டிகளை எல்லாம் ஒற்றையடிப் பாதையில் விட்டால் நடந்து போகிறவர் கதி என்ன? அந்தக் கதிதான் வசனத்துக்கு. படம் ஓடும் செயலியில் ஒலிப் பட்டியலைத் திறந்து 5.1க்குப் பதில் "ஸ்டீரியோ" இருந்தால் அதை எடுங்கள். "க்ளியர் வாய்ஸ்" இருந்தால் போடுங்கள். இரவில் "நைட் மோட்" போட்டால் வெடிச்சத்தம் அடங்கி முணுமுணுப்பு மேலே வரும். சவுண்ட்பார் வாங்குகிறவர்கள் 2.1ஐ விட்டு 3.1 வாங்குங்கள், அந்த மூன்றில் ஒன்றுதான் நடுக்குரலுக்கு. ப்ளூடூத்தில் இணைத்தால் குரல் உதட்டுக்குப் பிந்தும். எச்டிஎம்ஐ ஏஆர்சி கம்பியில் இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். "டப்பிங் ஒட்டவில்லை" என்று இங்கே பாவம் எத்தனை கலைஞர்களைக் குறை சொல்லிவிட்டோம்!

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு செய்தி. நொடிக்கு 24 சட்டம் உள்ள படத்தை பிஏஎல் என்ற பழைய தொலைக்காட்சி முறைக்கு மாற்றும்போது 25 சட்டமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். "அந்தக் காலத்தில் எல்லாரும் கீச்சுக் குரலில் பாடினார்கள்" என்று பேரப்பிள்ளைகள் சொன்னால், முதலில் பிரதியை விசாரியுங்கள்.

பிரதி என்ற சொல்லுக்கு வந்துவிட்டேன். விசிடி என்ற வட்டு வந்த காலத்தில் அதன் படம் 352க்கு 288 புள்ளிகள்தான். இணையத்தில் இன்று கிடைக்கும் பல பழைய படங்கள் அந்த விசிடியிலிருந்து ஏற்றப்பட்டவை. மேலே 1080 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அந்த 288 கோடுகளே. ரோஸ் நிறத்துக்கும் காரணம் பிரதிதான். ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ண ஃபிலிமின் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயமும் மஞ்சளும் காலப்போக்கில் வெளுத்துவிடும், செம்மை மட்டும் மிஞ்சும். 1964இல் வந்த கர்ணன் 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளிவந்தபோது, இத்தனை வண்ணமா இந்தப் படத்தில் என்று வியக்க முடிந்தது. வண்ணம் முதலிலிருந்தே இருந்தது. நாம்தான் வெளுத்த பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெட்டு விழுந்த பிரதியைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வரும், அங்கே படத்தை நிறுத்துங்கள். நீளம் மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுங்கள், அடியில் இருந்தால் 90ஆல் வகுங்கள். வருவது நிமிடக் கணக்கு. 16,200 அடி என்றால் 180 நிமிடம். உங்கள் பிரதி 173 நிமிடம் ஓடினால் அது 25 சட்ட வேகம், வெட்டு இல்லை. 150 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் பாட்டோ நகைச்சுவையோ அரை மணி நேரம் காணவில்லை. அந்தப் பிரதியைப் பார்த்து "திரைக்கதை தாவுகிறது" என்று சொல்வது நியாயமா? தீர விசாரிப்பதே மெய்.

ஆனால் விசாரிக்கப் பிரதியே இல்லாவிட்டால்? இங்கேதான் என் மனம் கிடந்து தவிக்கிறது. தமிழ்ப் பேச்சு முதன்முதலில் ஒலித்த காளிதாஸ் 1931 அக்டோபர் 31இல் வெளிவந்தது. இன்று அதன் ஒரு சுருள்கூட இல்லை. அக்கம்பக்கத்து மண்ணோடு உறவுள்ள ஜே. சி. டேனியல் சொத்தை விற்று எடுத்த மலையாளத்தின் முதல் படம் விகதகுமாரன். அதுவும் இல்லை.

நாகர்கோவில்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு கதையைக் கேளுங்கள். அதே டேனியலின் உறவினர், நம் ஊர்க்காரர் சுந்தர்ராஜ், மார்த்தாண்ட வர்மா என்ற ஊமைப்படத்தைத் தயாரித்தார். இயக்கியவர் பி. வி. ராவ். சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவல்தான் கதை. திருவனந்தபுரத்தில் படம் திரையேறியது. ஆனால் நாவலின் உரிமை கமலாலயா புத்தக டிப்போ என்ற பதிப்பகத்திடம் இருந்தது. எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்தாய் என்று பதிப்பாளர் வழக்குப் போட்டார். படம் நின்றது. பிரதி பறிமுதலானது. போட்ட பணம் போயிற்று. அந்தத் தயாரிப்பாளர் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்? பெட்டி பதிப்பகத்தின் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. புத்தகக் கட்டுகளுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. சுதந்திரம் வந்தது, மாநிலங்கள் பிரிந்தன, கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது, பெட்டி அங்கேயே இருந்தது. வெற்றிகரமாக ஊர் ஊராக ஓடிய படங்கள் ஓடி ஓடித் தேய்ந்தன. சில எரிந்தன. வெள்ளிக்காகச் சில கழுவப்பட்டன. 1974இல் அந்தப் பெட்டி கண்டெடுக்கப்பட்டு, 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. தென்னாட்டில் எடுத்த ஊமைப்படங்களில் இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். விடுதலையாகத் திரிந்த படங்கள் எல்லாம் மாண்டன, சிறைப்பட்ட படம் பிழைத்தது!

தலைவர் மணியடித்துவிட்டார். கீழெழுத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. மூடிய திரையரங்குகளின் பரணிலும், விநியோகஸ்தர்கள் வைத்திருந்த கிடங்கிலும், கோயில் கொடைக்கு 16 மில்லிமீட்டர் படம் வாடகைக்கு விட்டவர்கள் வீட்டிலும் இன்னும் தகரப் பெட்டிகள் இருக்கக்கூடும். தென்பட்டால் மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள், சுருங்கிய ஃபிலிமின் துளைகள் கிழிந்துவிடும். ஓரத்தில் ஆங்கிலத்தில் "சேஃப்டி" என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், 1950களின் தொடக்கத்துக்கு முந்தியதென்றால், அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு அடங்காது. விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் ஆகாது. மூடியைத் திறந்ததும் வினிகர்போலக் காடி வாசனை வந்தால் அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள், அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம். நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். மொட்டை மாடி அறையை விட்டு வீட்டின் குளிர்ந்த, ஈரமில்லாத மூலைக்குக் கொண்டு வாருங்கள். ஆயிரம் அடி கொண்ட 35 மில்லிமீட்டர் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம். ஒரே ஒரு சுருள்தானே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அந்தப் 11 நிமிடம் உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம்.

வாசலருகே செயலாளர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் பெட்டி பற்றிய தகவல்: எந்த ஊர், யார் பொறுப்பில், மூடியின் மேல் என்ன எழுதியிருக்கிறது. மறுபக்கத்தில் அடுத்த மாதக் கருத்துகளுக்கு நான்கு கட்டங்கள்: எந்தப் பிரதி, எந்த வடிவம், எத்தனை நிமிடம், மோஷன் அணைத்தீர்களா. ஆபரேட்டர் அண்ணாச்சி முதல் வரியை எழுதித் தொடங்கிவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பேனா அவரிடமே இருக்கிறது. வணக்கம்.