மைக் வாங்கும் முன் ஒரு காதைப் பொத்திப் பாருங்கள்! | பள்ளி இசை வகுப்புக்கான ரெக்கார்டிங் கருவிகள்

[கறுப்புத் திரை. ஒலி மட்டும்: பிள்ளைகள் கூட்டமாகப் பாடுகிறார்கள், அதற்கு மேல் ஃபேன்.]

இப்போது கேட்டதில் யார் நன்றாகப் பாடினார்கள்? என் ஓட்டு ஃபேனுக்குத்தான். சுருதி விலகாமல், மூச்சு வாங்காமல், கடைசி வரை நின்று பாடியது அது ஒன்றுதான்.

வணக்கம். இசை வகுப்பில் ஒருமுறையாவது பதிவு செய்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். நேரில் பிள்ளைகள் அருமையாகப் பாடியிருப்பார்கள், போட்டுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். உடனே "நல்ல மைக் வாங்கணும்" என்று ஆரம்பித்துவிடுவோம். வாங்கலாம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை.

உங்கள் வகுப்பறையில் ஒருவரைத் தள்ளி நிறுத்திப் பேசச் சொல்லிவிட்டு, ஒரு காதை விரலால் இறுக்கிப் பொத்திக்கொண்டு கேளுங்கள். இவ்வளவு நேரம் இல்லாத எதிரொலி திடீரென்று முளைக்கும், ஃபேன் பெரிதாகும், பேசுகிறவர் இன்னும் தள்ளிப் போனது போல இருக்கும். விரலை எடுங்கள், எல்லாம் பழையபடி. இது எனக்கு எத்தனை முறை செய்தாலும் அலுக்காத வேடிக்கை! ஒலி பக்கவாட்டிலிருந்து வந்தால் ஒரு காதை விட இன்னொரு காதுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகிறது. அந்தத் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மூளை திசை பிரிக்கிறது, நமக்கு வேண்டிய பாட்டை முன்னால் இழுத்து மற்றதைப் பின்னால் தள்ளுகிறது. மைக்குக்கு அப்படி ஒரு மூளை இல்லை. ஃபேன், நாற்காலி இழுபடுவது, வராந்தாவில் யாரோ ஓடுவது, எல்லாம் அதற்குப் பாட்டுதான். பொத்திய காதோடு நீங்கள் கேட்டீர்களே, ஏறக்குறைய அதைத்தான் மைக்கும் கேட்கிறது. உங்கள் அறையில் என்ன கேட்டது என்று கீழே எழுதுங்கள், எனக்கு உண்மையிலேயே ஆசை.

சரி, மூளையை வாங்க முடியாது. தூரத்தைக் குறைக்கலாம். பாடுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடும். சுவரில் மோதித் திரும்பும் ஒலியோ அறையில் எங்கே வைத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருக்கும். 4 மீட்டரில் இருந்ததை 1 மீட்டருக்குக் கொண்டு வந்தால் 12 டெசிபல் லாபம், மைக் அதே பழைய மைக். அதனால் என் பட்டியலில் முதல் பொருள் மைக் இல்லை, ஸ்டாண்ட். மேசை மேல் வைத்தால் தாளம் போடும் கால்களின் அதிர்வும் உள்ளே வந்துவிடும். கூட்டுப் பாட்டு என்றால் ஸ்டாண்டை முன்வரிசைத் தலைகளுக்கு மேல் உயர்த்தி, பின்வரிசையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். இல்லையென்றால் முன்னால் நிற்கும் ஒரே பிள்ளையின் தனிக்கச்சேரிதான் கிடைக்கும்.

அப்புறம் எதை வாங்குவது? கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர். முகப்பில் இரண்டு குட்டி மைக், உள்ளே மெமரி கார்டு, அடியில் ஸ்டாண்டில் திருக ஒரு துளை, கம்ப்யூட்டர் தேவையில்லை. 40 நிமிட வகுப்பில் வயர் மாட்டவே 15 நிமிடம் போனால் அந்தக் கருவி அடுத்த வாரம் அலமாரிக்குப் போய்விடும். ஒருவர் மட்டும் பாடி, கம்ப்யூட்டரும் பக்கத்திலேயே இருந்தால் யூஎஸ்பி மைக் போதும். பல மைக்குகளைக் கலக்கும் மிக்சர், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், மின்சாரம் கேட்கும் நாலைந்து கண்டென்சர் மைக், அவற்றுக்கு வயர் வழியே அதைக் கொடுக்கும் 48 வோல்ட் பேன்டம் பவர்... இப்போதைக்கு வேண்டாம்.

"ஃபோன் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, தினசரிப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பல ஃபோன்களின் வாய்ஸ் ரெக்கார்டரில் ஒரு தானியங்கிக் கை இருக்கிறது. சத்தம் குறைந்தால் தூக்கும், கூடினால் அமுக்கும். பேச்சுக்கு அது வரம். மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குப் போக வேண்டும் என்று மூன்று வாரம் சொல்லிக்கொடுத்ததை, அது மூன்றே நொடியில் சமதளமாக்கிவிடும், பிள்ளைகளும் "நாங்க சரியாத்தானே பாடினோம்" என்று நம்மையே பார்ப்பார்கள். அதனால் எதை வாங்கினாலும், அந்தத் தானியங்கிக் கையை, அதாவது ஆட்டோ லெவலை, அணைத்துவிட்டு அளவைக் கையால் வைக்க முடிகிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். பாட்டின் மிகச் சத்தமான இடத்தை முதலில் பாடவைத்து, கருவியின் ஒலி அளவு மீட்டரில் முள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரும்படி வையுங்கள். 0 வைத் தாண்டினால் ஒலி நறுக்கப்பட்டுவிடும், பிறகு எந்த ஆப்பும் அதை முழுதாக மீட்டுத் தராது.

கோப்பு வகையா? சேமித்து வைக்க, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV), நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. அனுப்ப எம்பி3. முடிந்தது.

கடைசியாக, பதிவானதை அங்கேயே போட்டுக் கேட்டுப் பார்க்க, காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒருமுறை ஒத்திகை முழுவதையும் "பதிவு செய்துவிட்டு" வந்து பார்த்தால் கார்டு காலி. பல ரெக்கார்டர்களில் சிவப்பு பட்டனை முதல்முறை அழுத்தினால் தயார் நிலைதான், விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். இரண்டாவது முறை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும், விளக்கும் நிலையாக எரியும். நான் 40 நிமிடம் அது மின்னுவதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.