பன்னிரண்டு நாசிலும் ஒரு கால் இஞ்ச் தகராறும்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பில்தான் கேமராவை ஆன் பண்ணியிருக்கிறேன். போன வீடியோவில், கடினமாக்குவதற்காக உலையில் பழுக்கக் காய்ச்சிய டிராக்டர் லெவலர் பிளேடைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் எப்படி வில்லாக வளைகிறது என்று காட்டினேன். அதற்குப் பதில் ஸ்ப்ரே வைத்துத் தண்ணீரைத் தெளித்து ஆற்றப் போகிறேன் என்றும் சொன்னேன். கீழே கமெண்டில் பாதிப் பேர் ஒரே யோசனை: "அண்ணே, ஸ்ப்ரே செட்டப் எல்லாம் எதற்கு? ஒரு இஞ்ச் பைப்பில் வரிசையாக ஓட்டை போட்டு மோட்டாரை ஓட விடுங்கள்."

சரி, போட்டே காட்டிவிடுகிறேன். இதோ பைப். நாலு மி.மீ. ஓட்டை, மொத்தம் 40. ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் எண்ட் கேப், அதாவது அடைப்பு மூடி. கீழே பேப்பர் கப்பை வரிசையாக வைத்திருக்கிறேன். மோட்டாரைப் போடுகிறேன், பாருங்கள். எண்ட் கேப் பக்கம் கப் நிரம்பி வழிகிறது. மோட்டார் பக்கம் முக்கால்கூட வரவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில்தானே வேகம் அதிகம் என்று நினைப்போம். விஷயமே அதுதான். அங்கே தண்ணீர் வேகமாக ஓடுகிறது, ஓட்டைப் பக்கம் திரும்ப மனசே இல்லை. போகப்போக வேகம் குறைந்து, அந்த வேகமெல்லாம் அழுத்தமாக மாறி, கடைசி ஓட்டையில்தான் பீய்ச்சி அடிக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள், மோட்டார் பக்கத் தாரை நேராகக் கீழே விழாமல் சாய்ந்து விழுகிறது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு இஞ்ச் பைப்பின் உள்பரப்பு சுமார் 500 சதுர மி.மீ. நாலு மி.மீ. ஓட்டை 40 சேர்ந்தால் அதுவும் 500. ஓட்டையெல்லாம் சேர்ந்து பைப்பின் பரப்பில் பாதிக்கும் கீழே இருந்தால்தான் ஓரளவு சமமாக வரும். பைப் ஓட்டை கட்சிக்காரர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

கொஞ்சம் கூடக்குறைய விழுந்தால் என்ன என்று கேட்பீர்கள். உலையிலிருந்து 850 டிகிரியில் வெளியே வரும் தகட்டில் தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, அதேதான். அடியில் நீராவி ஒரு மெத்தை போட்டுவிடுகிறது. 1756-லேயே லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். தகட்டில் எந்த இடம் முதலில் கொஞ்சம் ஆறுகிறதோ, அங்கே மெத்தை கிழியும். கிழிந்ததும் தண்ணீர் நேராக இரும்பைத் தொடும், அந்த இடம் மட்டும் மடமடவென்று ஆறும். பக்கத்து இடம் இன்னும் மெத்தைக்கு அடியில் சிவப்பாகவே இருக்கும். கப்பில் பார்த்த சின்ன வித்தியாசம் தகட்டில் பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. ஒரு இடம் சுருங்கி, பக்கத்து இடம் சுருங்காவிட்டால் வளையாமல் என்ன செய்யும்?

அதனால்தான் நாசில், அதாவது தண்ணீரைப் பீய்ச்சும் முனை, வாங்கினேன். இப்போது விலைக்கு வருவோம், இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. தட்டையாக விசிறி மாதிரி அடிக்கும் நாசில், மேலே ஆறு, கீழே ஆறு. கடைக்காரர் முதலில் சொன்னது ஒன்று 520 ரூபாய். ஸ்டெயின்லெஸ் தம்பி, காலத்துக்கும் இருக்கும் என்றார். எனக்குப் பித்தளையே போதும் என்றேன். பித்தளை 340. பன்னிரண்டுக்கு 4,080. ஸ்டெயின்லெஸ் என்றால் 6,240. மிச்சம் 2,160 ரூபாய்! பித்தளை சீக்கிரம் தேயும், தெரியும். தேயட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சந்தோஷம் வீடு வரைக்கும்தான். நாசில் கால் இஞ்ச், அதை மாட்டும் பைப்பில் உள்ள என் சாக்கெட்டும் கால் இஞ்ச். இரண்டு சுற்று ஏறுகிறது, பிறகு நங்கூரம் போட்ட மாதிரி நின்றுவிடுகிறது. மரையை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தால், சாக்கெட் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் பைப் மரை, இஞ்சுக்கு 19 மரை. கடைக்காரர் கொடுத்தது என்.பி.டி. என்ற அமெரிக்க பைப் மரை, இஞ்சுக்கு 18 மரை. போன் பண்ணினால் "டெஃப்ளான் டேப்பை நல்லா சுத்துங்க தம்பி, சரியாயிரும்" என்கிறார். எப்படிச் சரியாகும்? மரையே வேறு! டேப் சுற்றிச் சரிசெய்கிற பேச்சு எனக்கு எப்போதுமே ஆகாது, நம் சேனல் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். திரும்பப் போய், கவுண்டரிலேயே ஒவ்வொன்றையும் சாக்கெட்டில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டேன். பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

இப்போது செட்டப். நாசில் தகட்டிலிருந்து 150 மி.மீ. உயரத்தில். 80 டிகிரி விசிறி அந்த உயரத்தில் 250 மி.மீ. அகலம் விரியும். விசிறியின் ஓரங்களில் தண்ணீர் மெலிந்துபோகும், அதனால் 125 மி.மீ.க்கு ஒரு நாசில். எந்த இடத்தை எடுத்தாலும் இரண்டு நாசிலின் தண்ணீர் விழும், ஒன்றின் மெலிவை மற்றது ஈடுகட்டும். ஒவ்வொன்றையும் லேசாகத் திருகி வைத்திருக்கிறேன். நேர்க்கோட்டில் வைத்தால் பக்கத்து விசிறிகள் நடுவில் மோதிச் சிதறும். தகடு கம்பித் தாங்கியில் படுத்திருக்கும், நான் தாங்கியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருப்பேன்.

கீழ் வரிசைக்குத் தனி வால்வு. மேலே விழும் தண்ணீர் தகட்டிலேயே கொஞ்ச நேரம் தேங்கி வேலை செய்யும், கீழே அடிப்பது பட்டதும் கொட்டிவிடும். அதனால் கீழே கூடுதலாகத் திறக்க வேண்டும். பெரிய உருட்டாலைகளிலும் இதே கதைதான். ஜப்பானில் ஃபுகுயாமா ஆலையில் 1980-ல் தடித்த தகடுகளை உருட்டிய சூட்டிலேயே தண்ணீரால் ஆற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். இப்படி ஆற்றும் ஆலைகளில் ஓரங்கள் அதிகம் ஆறிவிடக் கூடாது என்று அங்கே தண்ணீரை மறைப்பதும் உண்டு. நானும் இரண்டு பக்கமும் தகர மறைப்பு வைத்துவிட்டேன்.

ஐயோ, ஃபில்டரைச் சொல்லவே இல்லை! நாசிலுக்கு முன்னால் ஒய் ஃபில்டர், அதாவது Y வடிவ வடிகட்டி, கட்டாயம். சூட்டுத் தகட்டிலிருந்து கறுப்புச் செதில் உதிர்ந்து தொட்டியில் விழும், அதே தண்ணீரைத்தானே திரும்பச் சுற்றுகிறோம். ஒரு செதில் ஒரு நாசிலை அடைத்தால் போச்சு, தகட்டில் அங்கே ஒரு சூட்டுக் கோடு. நம் போர் தண்ணீர் உப்பு வேறு. மாதம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் கரைசலில் நாசில்களை ஊறவைத்துவிடுங்கள். ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துவாரத்தின் விளிம்பு கெட்டால் விசிறி கோணலாகிவிடும்.

சரி, ரிசல்ட். இதோ ஆறிய பிளேடு, 600 மி.மீ. நீளம். ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைக்கிறேன். இடைவெளியை அளக்கும் 0.5 மி.மீ. தகடு, ஃபீலர் கேஜ், இந்தப் பக்கம் நுழையவில்லை... நடுவில் நுழையவில்லை... அந்த மூலையிலும் இல்லை! பார்த்தீர்களா? தொட்டியில் முக்கிய பிளேடுக்கு அடியில் என் விரலே போனது.

பெரிய மோட்டார் போடச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே நாசிலில் இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும் என்றால் அழுத்தம் நாலு மடங்கு வேண்டும். கரண்ட் பில் யார் கட்டுவது? அடுத்த அளவு நாசிலை மாட்டுங்கள். நாசிலில் 8010 என்று அடித்திருந்தால் 80 என்பது விசிறிக் கோணம், 10 என்பது தண்ணீர் அளவு, 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.8 லிட்டர். கடைக்குப் போகும்போது இந்த நம்பரோடு மரை எது என்றும் கேளுங்கள். சாக்கெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த வீடியோவில் 10 மி.மீ. தகடு போடுகிறோம், வருகிறேன் மக்களே.