சம்மதம் கொடுத்தது யார்?

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

வீட்டுச் சாதனங்களுக்குள் செயற்கை நுண்ணறிவு புகுந்திருப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். என் வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன். சென்ற ஆண்டு புதிய தொலைக்காட்சி ஒன்று வாங்கினோம். கடையிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் அதைச் சுவரில் மாட்டி, வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்று, ரிமோட்டைக் கையிலெடுத்து, அடுத்தடுத்து வந்த ஐந்தாறு திரைகளில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே போனார்கள். பொடி எழுத்தில் பத்தி பத்தியாக ஆங்கிலம். என்னவென்று கேட்டேன். "எல்லா டிவியிலும் வர்றதுதான் சார்" என்றார் ஒருவர். அவர்மேல் குற்றமில்லை, அன்று அவர் இன்னும் நான்கு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் எங்கள் குடும்பத்தின் பெயரால் எதற்கெல்லாம் சம்மதம் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதமாயிற்று.

அவற்றுள் ஒன்று, திரையில் ஓடுவதை அடையாளம் காண்பதற்கான அனுமதி. தொலைக்காட்சி, திரையிலுள்ள படத்திலிருந்து சில புள்ளிகளைக் குறுகிய இடைவெளிகளில் எடுத்து வெளியே அனுப்பும். அங்குள்ள கணினி, கைரேகையை ஒப்பிடுவதுபோல் அதை ஒப்பிட்டு, இன்ன வீட்டில் இன்ன நிகழ்ச்சி ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். கேபிள் வழியாக வந்தாலும் பென் டிரைவில் போட்டுப் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி தொலைக்காட்சிகளிலிருந்து, பார்ப்பவரின் சம்மதமின்றி, நொடிக்கு நொடி இப்படித் திரட்டியது என்று அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது; 2017இல் அந்த நிறுவனம் 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இதைக் கேட்டதும் அறிவுள்ள கருவியே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். நான் அந்தக் கட்சி இல்லை. 1965இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் லாட்ஃபி ஜாதே, ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே 'ஓரளவு' என்பதையும் கணக்கில் கொள்ளும் 'ஃபஸி' கணக் கோட்பாட்டை வெளியிட்டார். 1990இல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் அதை ஒரு துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் கொண்டுவந்தது. நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை ஓர் ஒளி உணரி பார்த்துச் சொல்ல, எவ்வளவு நேரம் துவைப்பது என்பதை இயந்திரமே தீர்மானித்தது. உங்கள் துணியின் அழுக்கு எந்த ஊருக்கும் செய்தியாகப் போகவில்லை. கணக்கு பெட்டிக்குள்ளேயே போடப்பட்டு, பெட்டிக்குள்ளேயே முடிந்தது.

கணக்கு எங்கே போடப்படுகிறது, பெட்டிக்குள்ளா வெளியிலா என்பதைத்தான் இன்று எந்தச் சாதனத்தை வாங்கும்போதும் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். 2017இல் ஹுவாவே, ஆப்பிள் நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளைக் கைப்பேசிக்குள்ளேயே போடுவதற்கென்று தம் சில்லுகளில் தனிப் பகுதியை ஒதுக்கின; ஆப்பிளின் அந்தப் பகுதி நொடிக்கு 60,000 கோடி கணக்குகளைப் போட்டது. முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் வேலை அந்தக் கைப்பேசிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இதைவிட என்னை வியக்கவைத்தது காது மிஷின். டென்மார்க்கின் ஓட்டிகான் நிறுவனம் 2021இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியில், 1.2 கோடி ஒலிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலையமைப்பு, அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி நிரல், காதுமடலுக்குப் பின்னாலேயே இயங்குகிறது. பயிற்சி வெளியே நடந்ததுதான். ஆனால் கல்யாண மண்டபத்து இரைச்சலில் பேத்தியின் குரலைப் பிரித்துக் கொடுக்கும் வேலை, விரல் நுனியளவு மின்கலத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நடக்கிறது. நாள் முழுவதும் மின்சாரத்தில் செருகியிருக்கும் சுவர்ப் பெட்டிக்கு மட்டும் ஏன் ஒவ்வொன்றையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது? எல்லாவற்றையும் உள்ளேயே செய்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்ட கேள்விக்கெல்லாம் விரிவாக விடை சொல்லும் பெரிய மொழி மாதிரிகளுக்குப் பெரிய கணினிகள் வேண்டும். ஆனால் என் வீட்டில் என்ன பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்வது, படம் காட்டுவதற்குத் தேவையான வேலையே அல்ல.

வெளியே போனது கணினியிடம் மட்டும் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரையில் கிடப்பது வயரா, காலுறையா, குழந்தையின் காலா என்று துப்புரவு ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்க, மனிதர்கள் உட்கார்ந்து படங்களுக்குப் பெயர் எழுத வேண்டும். ஐரோபாட் நிறுவனத்தின் சோதனை ரோபோக்கள் எடுத்த படங்கள் அப்படிப் பெயரெழுதும் தொழிலாளர்களிடம் போய், சமூக வலைத்தளக் குழுக்களில் கசிந்ததை 2022இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ என்ற அமெரிக்க இதழ் வெளிக்கொண்டு வந்தது. கழிப்பறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. படம் எடுக்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்களின் வீடுகள்தாம் அவை என்றது நிறுவனம். கையெழுத்திட்டவர்கள் அந்தப் படத்தை எத்தனை கண்கள் பார்க்கும் என்று எண்ணியிருப்பார்கள்?

வாங்கும்போது இருந்தபடியே பொருள் இருக்கும் என்ற உறுதியும் இப்போது இல்லை. நாம் பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லும் அமேசானின் எக்கோ ஒலிபெருக்கிகளில் சில வகைகளுக்கு, அமெரிக்காவில், பேசிய குரலை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே எழுத்தாக்கும் வசதி இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. காசு கொடுத்து வாங்கி மேசைமேல் வைத்த பொருள் அதேதான். கணக்குப் போடும் இடம் மட்டும் ஒரே நாளில் வெளியே போய்விட்டது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது தடையற்றதாக, விவரம் அறிந்து தெளிவான செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள ஏதேனும் ஒரு மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் தாயார், கூகுள் 2017இல் கொண்டுவந்த தமிழ்க் குரல் தட்டச்சைக் கொண்டு இன்று உறவினர்களுக்கெல்லாம் செய்தி அனுப்புகிறார். அவர் பேசும் தமிழைப் புரிந்துகொள்ளக் கருவிக்கு முடிகிறதென்றால், அவரிடம் அனுமதி கேட்கும் இடத்திலும் அதே தமிழில் கேட்க முடியும். கேட்டே ஆக வேண்டும். இந்த அவையில் கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். மாட்டிக் கொடுக்கப் போகும் பிள்ளைகளிடம், அந்தத் திரைகள் வரும்போது ரிமோட்டை வீட்டாரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தொலைக்காட்சியில் அந்த அனுமதி, அமைப்புகளுக்குள் நான்கு படி இறங்கிய பிறகு கிடைத்தது. ஒரு மாலை நேரத்தில் அதை அணைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்த தொடர் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.