விக் மேக்கியின் வாக்குமூலம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. 'தி ஷீல்ட்' தொடரின் கடைசி சீசனைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முடிவைச் சொல்லாமல் அதைப் பேச வழியில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். (சிரிப்பு)

யாரும் எழவில்லை. சரி, பழி என்மேல் இல்லை.

தொடர் 2002 மார்ச் 12 அன்று அமெரிக்காவில் எஃப்எக்ஸ் சேனலில் தொடங்கி, 2008 நவம்பர் 25 அன்று முடிந்தது. ஏழு சீசன்கள், 88 பகுதிகள். உருவாக்கியவர் ஷான் ரயன். லாஸ் ஏஞ்சலஸில் ஃபார்மிங்டன் என்று ஒரு கற்பனை வட்டாரம். பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் ஒரு போலீஸ் நிலையம். அங்கே போதைப்பொருள் கும்பல்களை அடக்க ஒரு தனிப்படை. அதன் தலைவன்தான் விக் மேக்கி. நடித்தவர் மைக்கேல் சிக்லிஸ். முதல் வருடமே எம்மி விருதைத் தட்டிக்கொண்டு போனார்.

முடிச்சு முதல் இரவே விழுந்துவிட்டது. தனிப்படைக்குள் இருந்து வேவு பார்க்கக் கேப்டன் அனுப்பிய டெர்ரி குரோலி என்ற போலீஸ்காரனை, ஒரு போதைமருந்து வியாபாரியின் வீட்டில் நடந்த சோதனையின்போது விக் முகத்திலேயே சுடுகிறான். பழி, அங்கே செத்துக்கிடந்த வியாபாரிமேல் விழுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவன் கூட்டாளி ஷேன் வென்ட்ரல். அவனைத் தவிர இன்னும் ஒரு சாட்சி உண்டு: தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாம்.

சக போலீஸ்காரனைக் கொன்றவனை வைத்துக்கொண்டு ஏழு வருடம் கதை ஓட்டுவது எப்படி? அவன் செய்ததை மெல்ல மெல்ல நம் கண்ணிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். அதைத்தான் இந்தத் தொடர் செய்தது. விக் குழந்தைகளைச் சீரழிப்பவர்களைப் பிடிக்கிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் செலவுக்கு அல்லாடுகிறான். அவனுக்கு எதிராக நிற்பவர்களைப் பார்த்தால் ஏதோ ஒரு வகையில் நமக்கே எரிச்சல் வருகிறது. ஐந்தாவது சீசனில் ஃபாரஸ்ட் விட்டேகர் உள்விசாரணை அதிகாரி கவானாவாக வந்தார். சட்டம் கவானா பக்கம், நியாயமும் அவன் பக்கம். டெர்ரியைக் கொன்றது யார் என்று அவன் சரியாகவே ஊகிக்கிறான். அப்படியிருந்தும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கவானா தோற்கட்டும் என்றுதானே நினைத்தோம்? தலையாட்டுகிறீர்கள், நல்லது.

இதில் காலத்துக்கும் பங்கு உண்டு. ஆறாவது சீசன் 2007 ஜூனில் முடிந்தது. ஏழாவது 2008 செப்டம்பர் 2 அன்று தொடங்கியது. பதினைந்து மாத இடைவெளி. அதன்பிறகு வாரத்துக்கு ஒரு பகுதி, செவ்வாய்க்கிழமைகளில். இன்றைக்கு ஒரே மூச்சில் 88 பகுதிகளையும் பார்த்துவிடலாம். அப்படிப் பார்ப்பவருக்கு டெர்ரியின் முகம் போன வாரம் பார்த்த முகம். வாராவாரம் தொடர்ந்தவர்களுக்கு அது ஆறரை வருடம் பழையது, பாதி மங்கியது. கடைசி சீசன் அந்த மங்கலை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் கட்சி.

அதற்கு வருமுன் நிஜ லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். இந்தத் தொடருக்கு முதலில் வைத்த பெயர் 'ராம்பார்ட்'. ராம்பார்ட் அந்த நகரத்தில் உண்மையிலேயே இருக்கும் போலீஸ் வட்டாரம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அங்கே கும்பல் ஒழிப்புத் தனிப்படையாக இருந்த 'கிராஷ்' நாறிப்போனது. ரஃபேல் பெரஸ் என்ற அதிகாரி, போலீஸின் சாட்சிப்பொருள் அறையிலிருந்தே கொக்கெய்ன் திருடி 1998-இல் பிடிபட்டார். தண்டனையைக் குறைத்துக்கொள்ள 1999-இல் அரசுத் தரப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். எழுபதுக்கும் மேற்பட்ட போலீஸார்மேல் ஏதோ ஒரு வகையில் சந்தேகம் படிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின. அவர் சொன்னதில் ஒன்று, ஆயுதமில்லாத ஓர் இளைஞனைத் தாமும் கூட்டாளியும் சுட்டுவிட்டு, அவன் பக்கத்தில் ஒரு துப்பாக்கியைப் போட்டுவைத்த கதை. சுடப்பட்டவனுக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோயிற்று. அதற்குமேல் 23 வருடச் சிறைத்தண்டனை வேறு! பிற்பாடு விடுவித்து, நகரம் ஒன்றரைக் கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. பெரஸுக்குக் கிடைத்தது ஐந்து வருடம்.

இந்த வழக்கின் அடிதடியும் திருட்டும் தொடரின் முதல் சீசனிலேயே வந்துவிட்டன. ஒப்பந்தம் போட்டுக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அந்தப் பகுதி மட்டும் பாக்கி இருந்தது. ஏழாவது சீசன் அதை எடுத்துக்கொண்டது.

அந்த சீசன் முழுவதும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். மெக்சிகோ போதைக் கும்பல், அதன் ஆவணங்கள், டெர்ரியை வேவு பார்க்க அனுப்பிய அந்தப் பழைய கேப்டன் அசெவெடா மேயர் பதவிக்கு நடத்தும் காய்நகர்த்தல் எல்லாம் சேர்ந்து முதல் பாதியில் இழுவைதான். யார் யாரை எதற்காக மிரட்டுகிறார்கள் என்று விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. ஷேன் தலைமறைவானதும் கதை நேராகிறது. ஐந்தாவது சீசன் முடிவில் சொந்தக் கூட்டாளி லெமான்ஸ்கியைக் கைக்குண்டு வீசிக் கொன்றவன் இந்த ஷேன். இப்போது கர்ப்பிணி மனைவி, சின்னப் பையன், கொஞ்சம் பணம், ஒரு கார், இவற்றோடு ஊருக்குள்ளேயே ஒளிந்து ஒளிந்து ஓடுகிறான். இவ்வளவு அருவருப்பான ஒருவனுக்காக நம்மைப் பதறவைத்த வால்டன் காகின்ஸின் நடிப்பைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேசலாம்.

ஷேன் பிடிபட்டால் விக்கின் கதை முடிந்தது. விக் முந்திக்கொள்ளப் பார்க்கிறான். கூட்டரசின் குடிவரவு, சுங்கத் துறையோடு பேரம் பேசுகிறான்: பெரிய போதைக் கும்பலைப் பிடித்துக் கொடுக்கிறேன், எனக்கு வழக்கிலிருந்து முழு விலக்கும் ஒரு வேலையும் வேண்டும். முன்னாள் மனைவி காரின் கைதாகிவிட்டதாக நம்பி அவளுக்கும் சேர்த்துக் கேட்கிறான். அந்தக் கைதே போலீஸ் போட்ட நாடகம். காரின் அவனுக்கு எதிராக ஏற்கெனவே போலீஸோடு சேர்ந்துவிட்டாள். தனிப்படையில் மிஞ்சிய கடைசி நண்பன் ரானிக்கும் விலக்கு கேட்கிறான், கிடைக்கவில்லை. அவனை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறான்.

கையெழுத்துக்குப் பிறகு அதிகாரி ஒலிவியா ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்து, செய்த குற்றங்களைச் சொல்லச் சொல்கிறாள். சொன்ன குற்றத்துக்குத்தான் விலக்கு, சொல்லாமல் விட்டதற்கு இல்லை. விக் பேசவில்லை. காமிரா நகரவில்லை. ஆறரை வருடம் யாரையும் பேசியே கவிழ்த்தவனுக்கு வாய் வரவில்லை. பிறகு டெர்ரியில் தொடங்குகிறான். திட்டம் போட்டுச் சுட்டதாகச் சொல்கிறான். அடுத்து ஆர்மேனியக் கும்பலின் பணத்தைத் தனிப்படை கொள்ளையடித்தது, அடுத்தது, அடுத்தது... அவன் சொல்லும் எதுவும் நமக்குப் புதிதில்லை. எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர்கள் நாம். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அந்தந்தச் சூழ்நிலையோடு, அவனுக்கு வேறு வழியில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு பார்த்தவர்கள். இங்கே சூழ்நிலை இல்லை, துரத்தல் இல்லை, பின்னணி இசை இல்லை. பட்டியல் மட்டும். கேட்கும் ஒலிவியாவின் முகம் மாறுவதைப் பார்க்கும்போது நம் முகமும் மாறுகிறது. இவனையா இத்தனை நாள் தப்பவிட வேண்டினோம்?

தொலைக்காட்சி போலீஸ் கதைகளில் வாக்குமூலம் என்பது போலீஸ் ஜெயிக்கும் இடம். இங்கே போலீஸ்காரனே கொடுக்கிறான், அதையும் கொஞ்சம் பெருமையோடு கொடுக்கிறான். குற்றமெல்லாம் வெளியே வந்துவிட்டது, அதற்கு ஒரு நாள் தண்டனையும் கிடையாது. இந்த இடத்தில் தொடர் பெரஸ் வழக்கைவிடக் கொடூரமானது.

கடைசிப் பகுதியை இயக்கியவர் கிளார்க் ஜான்சன். முதல் பகுதியும் அவர் இயக்கியதுதான். (அதே 2008-இல் முடிந்த 'தி வயர்' தொடரின் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் இயக்கியவரும் இவரே. அபூர்வமான ராசி!) படப்பிடிப்பின்போது எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம். ரயன் சங்கத்தோடு நின்று, தம் தொடரின் முடிவு படமாகும் இடத்துக்கே போகவில்லை.

அந்தப் பகுதியில் ஷேன் மனைவிக்கும் மகனுக்கும் விஷம் கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். கேப்டன் கிளாடெட் விக்கைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஷேனின் கடிதத்தைப் படித்துக்காட்டி, மூன்று பிணங்களின் புகைப்படங்களையும் முன்னால் பரப்பிவிட்டுப் போகிறாள். அவள் கையில் வேறு ஆயுதம் மிஞ்சவில்லை. அடுத்து, விக்கின் கண்முன்னே ரானி கைதாகிறான். தப்பித்துவிட்டோம் என்று அந்த நிமிடம்வரை நம்பியிருந்தவன் அவன். காரினும் பிள்ளைகளும் அரசின் பாதுகாப்பில் எங்கோ போய்விடுகிறார்கள். விக்குக்கு வாக்களித்தபடியே வேலை கிடைக்கிறது: கோட்டு, டை, மேசை, தினமும் தட்டச்சு செய்து தரவேண்டிய அறிக்கை, மூன்று வருடம்.

முடிவில் அவன் மேசையிலிருந்து துப்பாக்கியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறுகிறான். எங்கே போகிறான் என்று அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. பழைய விக் திரும்பிவிட்டான் என்று கைதட்டியவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் அக்கறையில்லை. தெருவில் அவனுக்கு இனி ஒரு கூட்டாளி கிடையாது. ஒப்பந்தத்தை மீறினால் விலக்கும் போய்விடும். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவு ரானியிடம் போகிறது. டெர்ரி கொலையில் அவனுக்குப் பங்கில்லை. ஆனால் விக் ஒப்புக்கொண்ட மற்ற குற்றங்களில் பலவற்றுக்கு இனி சிறையில் இருந்து பதில் சொல்லப்போகிறவன் அவன் ஒருவன்தான்.

நன்றி. வணக்கம்.