அங்கோர்வாட் தமிழ் மன்னன் கட்டியதா? ஒரே நாளில் பார்க்க முடியுமா?

அடுத்த கேள்வி. "வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய பழைய இடங்களில் அங்கோர்வாட்டை முதலில் வைத்தீர்கள். அதைக் கட்டிய சூரியவர்மன் ஒரு தமிழ் மன்னன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. அங்கோர்வாட் இருப்பது கம்போடியாவில். அதைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன், அதாவது அந்த நாட்டு மக்களில் ஒருவன். 1113இல் பட்டத்துக்கு வந்தவன். 'வர்மன்' என்ற பெயரைப் பார்த்ததும் நமக்கு மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் எல்லாம் நினைவுக்கு வருகிறார்கள், அது இயல்புதான். ஆனால் அது வடமொழிப் பெயர்; பல நாட்டு அரசர்களும் வைத்துக்கொண்டார்கள். கெமர் அரசர்களின் கல்வெட்டுகள் கெமர் மொழியிலும் சமஸ்கிருதத்திலும்தான் இருக்கின்றன.

அப்படியென்றால் நமக்கும் அவர்களுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து வந்தது. சிதம்பரத்தில் 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. காம்போஜ அரசன், அதாவது கம்போடிய அரசன், ஒரு கல்லைச் சோழன் முதலாம் குலோத்துங்கனுக்குக் காட்சிப்பொருளாகக் காட்டினான், அதைக் கோயிலில் வைத்தார்கள் என்கிறது. சூரியவர்மன் பட்டமேறி ஒரு வருஷம்தான் ஆகியிருக்கிறது, பாருங்கள். இரண்டு அரசர்கள் பரிசு கொடுத்து வாங்கிக்கொண்ட உறவு இது. இதை விட்டுவிட்டு "நாம்தான் கட்டினோம்" என்பானேன்? கெமர் சிற்பியின் உழைப்பை நாம் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, பார்ப்பதற்கு வருவோம். இது விஷ்ணுவுக்காகக் கட்டிய கோயில், வாசல் மேற்கு பார்த்தது. அதனால் காலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். அந்தப் படத்துக்காக விடியும் முன்பே குளக்கரையில் பெருங்கூட்டம் கூடிவிடும். என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் கிழக்கு வாசல் வழியாக உள்ளே போய்விடுங்கள். ஆள் குறைவு. கிழக்குச் சுற்று மண்டபத்தின் தென்பாதியில் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது. ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் ஆமை மேல் மலை, மலைக்கு முன்னால் விஷ்ணு. காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது வாசுகியைப் பிடித்து இழுக்கும் கைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மேற்குப் பக்கம் குருக்ஷேத்திரப் போரும் இலங்கைப் போரும். அதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சுவர்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பல கற்களில் விரல் நுழைகிற அளவுக்கு வட்டத் துளைகள் இருக்கும். ஏதோ குண்டு பட்ட அடையாளம் என்று சிலர் சொல்வார்கள். அதில் மரமுளை அடித்துக் கயிறு கட்டித்தான் கல்லைத் தூக்கியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. குலேன் மலையிலிருந்து கொண்டுவந்த மணற்கல் அது. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஒரே நாள் போதுமா? அங்கோர்வாட்டுக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் முகங்கள் சிரிக்கும் பாயோன், மர வேர்கள் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் தா புரோம், இரண்டும் ஏழாம் ஜெயவர்மன் காலத்தவை, பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர். மூன்று நாள் சீட்டை வாங்கிப் பத்து நாளுக்குள் பிரித்துப் பயன்படுத்தலாம். நான் அதைத்தான் சொல்வேன். அங்கோர்வாட்டின் மேல் அடுக்கில் ஏறத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், வேட்டி கட்டிப் போனாலும் சரிதான். ஏப்ரல் வெயிலில் மட்டும் போகாதீர்கள்.