வரத்தைத் தடுத்த பூசாரிகள்

(ஹூஸ்டனில், அமெரிக்க அடிமை விடுதலையை நினைவுகூரும் ஜூன் 19 விடுமுறையன்று, தமிழ்ச் சங்க மதிய விருந்துக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, இந்த வெயிலில் வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று எல்லோருக்கும் வழிகாட்டிக் கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே (அவர் காதில் விழாது, யாராவது போய்ச் சொல்லுங்கள்), தமிழ்ப்பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, எங்கள் தமிழுக்கு நடுவே முகம் சுளிக்காமல் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் கவுண்டி (நம் ஊர்க் கணக்கில் மாவட்டம்) அலுவலக அம்மையார் அவர்களே, அவருக்குக் காதோரம் மொழிபெயர்த்துக் கொண்டிருக்கும் கல்லூரிப் பெண்ணே, காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படியில் நிற்கும் சமையல் குழுவினரே, பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் இருக்கும் பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

போன பொங்கல் விழாவில் பொருளாளர் பெயரை விட்டுவிட்டேன். அவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். (சிரிப்பு)

எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸ் கடற்கரை ஊரான கால்வெஸ்டனில் என்ன நடந்தது. இரண்டு, இந்த நாளின் பாட்டும் சாப்பாடும். மூன்று, தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் இதற்கு ஏன் ஓர் இடம் வேண்டும்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்று என் மனைவி கேலி செய்வாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

1863 ஜனவரி 1. அதிபர் ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவருடைய யூனியன் அரசை எதிர்த்துப் போர் தொடுத்திருந்த மாநிலங்களில் இருந்த அடிமைகள் அனைவரும் அன்றிலிருந்து சுதந்திர மனிதர்கள். டெக்சாஸும் அந்த மாநிலங்களில் ஒன்று. சாமி வரம் கொடுத்தாயிற்று. இங்கே என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அன்று பருத்தி எடுத்தவன் மறுநாளும் எடுத்தான். யூனியன் படை டெக்சாஸின் உள்நாட்டுக்குள் வரவே இல்லை. சட்டத்தை நிறைவேற்ற ஆள் இல்லை. அதைவிட மோசம், லூயிசியானா பக்கத்து முதலாளிகள் பலர் படை நெருங்க நெருங்கத் தங்கள் அடிமைகளை ஓட்டிக்கொண்டு டெக்சாஸுக்குள் வந்துவிட்டார்கள். ஒளித்துவைக்க நல்ல இடம் என்று பார்த்தார்கள்.

‘செய்தி வந்து சேரத் தாமதமாகிவிட்டது’ என்று சிலர் சொல்வார்கள். கோவேறு கழுதையில் தூதன் வந்தான், வழியில் அவனைக் கொன்றுவிட்டார்கள் என்று கதைகூட உண்டு. நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. முதலாளி பத்திரிகை படிக்கிறவன். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. 1865 ஏப்ரலில் தெற்குப் படையின் ஜெனரல் லீ சரணடைந்து போரே முடிந்துபோன பிறகும் திறக்கவில்லை.

ஜூன் 19 அன்று யூனியன் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் பொது ஆணை எண் 3-ஐ வெளியிட்டார். டெக்சாஸில் அப்போது அடிமைப்பட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 2,50,000 பேர். பிரகடனம் வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆணையை நீங்கள் முழுதாகப் படிக்க வேண்டும், சின்னதுதான். அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள் என்கிறது. பழைய எசமானுக்கும் பழைய அடிமைக்கும் இடையே முழுச் சமத்துவம் என்கிறது. கேட்கவே நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? அடுத்த வரிக்கு வாருங்கள். இருக்கிற வீட்டிலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள், சும்மா இருந்தால் யாரும் சோறு போட மாட்டோம் என்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் முதுகு ஒடிந்தவனுக்கு, விடுதலை கொடுத்த அதே காகிதத்தில், சோம்பேறியாக இருக்காதே என்று உபதேசம்! பூசாரி கருவறைக்குள்ளேயே நிற்கிறான், பாருங்கள். (கைதட்டல்)

கால்வெஸ்டனுக்கு நாம் எல்லோரும் போகிறோம். நண்டு வாங்கப் போகிறோம், பிள்ளைகளைக் கடலில் நனைக்கப் போகிறோம். அங்கே ஸ்ட்ராண்ட் தெருவும் 22-ஆம் தெருவும் சேரும் இடத்தில், சுவர் முழுக்க ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. அந்த ஆணையில் வரும் ‘முழுச் சமத்துவம்’ என்ற சொற்கள்தான் அதற்குப் பெயர். அடுத்த முறை நண்டுப் பையைக் காரில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அதன் முன்னால் நில்லுங்கள்.

இந்த நாள் எனக்குச் சொந்தமானது எப்படி என்று சொல்கிறேன். இது கொஞ்சம் நீளும். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

நான் ஹூஸ்டன் வந்த புதிதில், ஊரை ஒட்டிய மிசௌரி சிட்டியில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கறுப்பினத்து அம்மா. எங்கள் வேலியோரம் கறிவேப்பிலைக் கன்று வைத்தபோது, ‘இது என்ன செடி, நாய் தின்னலாமா?’ என்று கேட்டுத்தான் பழக்கம் ஆரம்பித்தது. அந்த ஜூனில் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். என்ன விசேஷம் என்று கேட்டேன். ‘டெக்சாஸில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாயே!’ என்றார்.

என் மனைவி சுத்த சைவம். அங்கே முந்தின இரவிலிருந்து புகையடுப்பில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கிறது, தெரு முழுக்க வாசனை. இவள் ஒரு பெரிய தூக்கு நிறைய எலுமிச்சை சாதம் கிளறி எடுத்துக்கொண்டு, சீர்வரிசை கொண்டுபோகிற மாதிரி வருகிறாள். மேசையில் எல்லாம் சிவப்பு. ஸ்ட்ராபெரி சோடா, தர்பூசணி, சிவப்பு கேக். சிந்திய ரத்தத்தின் நினைவாக என்று ஒரு பெரியவர் சொன்னார். இன்னொருவர், ‘அதெல்லாம் இல்லை, எங்கள் பாட்டிக்குச் சிவப்புப் பிடிக்கும்’ என்றார். எலுமிச்சை சாதம் அரை மணி நேரத்தில் காலி. எங்களுக்கு மிஞ்சியது நாலு நிலக்கடலை. (சிரிப்பு)

கை கழுவ உள்ளே போனேன். கூடத்துச் சுவரில் பட்டமளிப்புப் படங்கள், இயேசு படம். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழுப்பேறிய துண்டுக் காகிதம். பரிசு விழுந்த லாட்டரிச் சீட்டு என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் பெயர், வயது, தொழில், இனம் எல்லாம் எழுதியிருக்கிறது. தொகை ஒரு டாலர் எழுபத்தைந்து சென்ட். ஆண்டு 1950-களில் ஏதோ ஒன்று.

அந்த அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றார். ‘என் அம்மா வோட்டுப் போடக் கட்டிய வரி’ என்றார்.

வோட்டுப் போட வரியா? ஆமாம். டெக்சாஸில் 1902-இல் கொண்டுவந்தார்கள். நவம்பரில் வாக்களிக்க வேண்டுமானால் ஜனவரி 31-க்குள் பணம் கட்டி ரசீது வாங்கியிருக்க வேண்டும். அந்த அம்மாவின் தாய் பிறத்தியார் வீடுகளில் துணி தேய்த்துக் கொடுத்தவர். பேக்கிங் பவுடர் டப்பாவில் பத்து சென்ட், ஐந்து சென்டாகச் சேர்த்து வைப்பாராம். ‘அந்த வருஷம் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புதுச் செருப்பு இல்லை, அம்மா வோட்டுப் போட்டாள்’ என்றார். சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை. பெருமைதான் இருந்தது.

பிறகு என்னைப் பார்த்து, ‘நீ எப்போது வோட்டுப் போடுவாய்?’ என்றார். எனக்கு எச்1 வேலை விசா. அதற்கப்புறம் கிரீன் கார்டு, அதற்கப்புறம் குடியுரிமை என்று விரல்விட்டுக் காட்டினேன். சரி என்று கேட்டுக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு ஜூன் 19-ம் எலுமிச்சை சாதத் தூக்கை வாங்கிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பார். குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கையில் ஒரு படிவம், ஒரு பேனா. அவர் கவுண்டி நியமித்த தன்னார்வ வாக்காளர் பதிவாளர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்! காபி போடட்டுமா என்று என் மனைவி கேட்டாள். ‘முதலில் கையெழுத்து, பிறகு காபி’ என்றார். (கைதட்டல்)

அந்த ரசீதின் பின்னால் இருக்கும் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1870-இல் அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தம் வந்தது. நிறத்தைக் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக்கூடாது. சாமி மறுபடியும் வரம் கொடுத்தார். பூசாரி விட்டானா? வரி போட்டான். போதவில்லை, டெமாக்ரட் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று 1923-இல் டெக்சாஸில் சட்டமே போட்டான். அந்தக் காலத்தில் அந்தக் கட்சியில் நின்றவர்தான் ஜெயிப்பார். முதல்கட்டத்தில் வோட்டு இல்லையென்றால் நவம்பர் வோட்டு செல்லாக் காசு. எல் பாசோவில் ஒரு மருத்துவர் வழக்குப் போட்டு 1927-இல் ஜெயித்தார். உடனே பூசாரி கதவை மாற்றினான். அரசு தடுக்கவில்லை, கட்சிதான் தடுக்கிறது என்றான்.

அந்தக் கதவை உடைத்தவர் நம் ஹூஸ்டன்காரர். லோனி ஸ்மித், பல் மருத்துவர். 1940-இல் அவருக்கு வாக்குச்சீட்டுக் கொடுக்க மறுத்தார்கள். தர்குட் மார்ஷல் வாதாடினார். அவர்தான் பிற்பாடு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1944-இல் தீர்ப்பு ஸ்மித் பக்கம் வந்தது. 1966-இல் வரியும் ஒழிந்தது. அதே 1966-இல் இதே ஊரிலிருந்து பார்பரா ஜோர்டான் மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெக்சாஸ் செனட்டுக்குள் போன முதல் கறுப்பினப் பெண் அவர். வரிசையைப் பாருங்கள்: பல் மருத்துவர், துணி தேய்த்தவர், அப்புறம்தான் செனட்டர்.

‘அதெல்லாம் அவர்கள் கதை, நமக்கென்ன?’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1923-இல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியன் வெள்ளையன் அல்ல, குடிமகனாக முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 1946-க்குப் பிறகு கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று. மொத்த இந்தியாவுக்கும் நூறு! இன்று இந்த அரங்கில் இருப்பவர்களே அதைவிட அதிகம். 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் புதிய குடிவரவுச் சட்டமும் இரண்டு மாத இடைவெளியில் வந்தன. இரண்டிலும் கையெழுத்திட்டவர் டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சன். அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டுத் தடியடி பட்டவர்களின் போராட்டம் அந்தக் காற்றை உண்டாக்கவில்லை என்றால், நம் பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் கையசைத்துக் கொண்டிருப்போம். பக்கத்துப் பியர்லாண்டில் மீனாட்சிக்குக் கோவில் எழும்பியிருக்காது.

இந்த விடுமுறையும் சும்மா வரவில்லை. ஹூஸ்டன் சட்டமன்ற உறுப்பினர் ஆல் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த மசோதா 1979-இல் நிறைவேறி, 1980-லிருந்து இது டெக்சாஸ் மாநில விடுமுறை. நாடு முழுமைக்கும் விடுமுறை ஆனது 2021-இல்தான். அதற்காக நடந்தவர் ஃபோர்ட் வொர்த்தின் ஓப்பல் லீ. 1939 ஜூன் 19 அன்று, அவருக்குப் பன்னிரண்டு வயதில், வெள்ளையர் கும்பல் ஒன்று அவர் குடும்பத்தின் வீட்டைச் சூறையாடித் தீ வைத்தது. தேதியைக் கவனியுங்கள். 89 வயதில் வாஷிங்டனை நோக்கி நடக்கக் கிளம்பினார், ஊர் ஊராக நின்று ஒவ்வொன்றிலும் இரண்டரை மைல் நடந்தார். நமக்கு இங்கிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்கவே முட்டி வலிக்கிறது.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது செய்தியைச் சோடாவிலேயே முடித்தாகிவிட்டது. மூன்றாவது, தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டம். முதல்வர் அம்மா, அதை நாம் தனியாகப் பேசிக்கொள்வோம், பத்து நிமிடம் போதும்.

கடைசியாக என் வழக்கமான வேலை. டெக்சாஸில், ஓட்டுநர் உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கும்போது தவிர, வாக்காளர் பதிவை இணையத்தில் முடிக்க முடியாது. காகிதம், பேனா, கையெழுத்து. தேர்தலுக்கு முப்பது நாளைக்கு முன் பதிவாகியிருக்க வேண்டும். சங்கத்தில் குடியுரிமை வாங்கியவர்கள் ஏராளம்; அதில் எத்தனை பேர் பள்ளிக்கூட வாரியத் தேர்தலில் வாக்களித்தீர்கள் என்று கை தூக்கச் சொன்னால் தலைகள் குனிகின்றன, இதோ இப்போதே குனிகின்றன. சொத்து வரி ஏறிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் புலம்புகிறீர்களே, அதை முடிவு செய்கிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு வரிசையே இருப்பதில்லை! அந்தக் காலத்தில் வரத்தைத் தடுக்கப் பூசாரி வெளியிலிருந்து வந்தான். இப்போது அந்த வேலையை நாமே சம்பளமில்லாமல் பார்க்கிறோம். (கைதட்டல்)

வாசல் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறேன். ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட் இரண்டு கவுண்டிகளுக்கும் நான் பதிவாளர். நிரப்பிக் கொடுத்தால் கையோடு ரசீது தருவேன். ஐந்து நாளுக்குள் அலுவலகத்தில் சேர்ப்பது என் பொறுப்பு. பியர்லாண்ட்காரர்களில் பெரும்பாலோர் பிரசோரியா கவுண்டி, உங்கள் படிவத்தை வாங்க எனக்கு அதிகாரம் இல்லை. தபால்தலை ஒட்டத் தேவையில்லாத அட்டை வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போய் நீங்களே அனுப்புங்கள். கிரீன் கார்டு, எச்1 வைத்திருப்பவர்கள் ஆர்வக்கோளாறில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அது குற்றம், பின்னால் குடியுரிமைக்கே வினையாகும். வீடு மாறியவர்கள் புது முகவரியை எழுதிக் கொடுங்கள். பேனா எடுத்துக்கொண்டு போகிறவர்கள் திருப்பி வையுங்கள், போன முறை பாதி பேனாதான் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு வரிசை அந்த மேசையைத் தாண்டித்தான் போகிறது. சமையல் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி அப்படித்தான் போடச் சொன்னேன். நன்றி, வணக்கம்.