கிரேட்ஃபுல் டெட்: ஒரே ஒரு டிரம்மர் இருந்த காலம்

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில் கிரேட்ஃபுல் டெட் பற்றிப் பேசும்போது, அவர்கள் மேடையில் உச்சத்தில் இருந்தது 1972 முதல் 1974 வரைதான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலேயே நண்பர் ஒருவர் போன் செய்தார். "5/8/77 என்று ஒரு ஷோ இருக்கும்போது எப்படி அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டார். (ரசிகர்கள் ஷோக்களைத் தேதியால்தான் சொல்வார்கள், அமெரிக்க முறையில் மாதம் முதலில். அதாவது 1977 மே 8.) ஒரு மணி நேரம் பேசினோம். அப்போது சரியாகச் சொல்ல வராததை இன்றைக்கு நிதானமாகச் சொல்கிறேன்.

புதிதாகக் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 1965இல் தொடங்கிய ராக் இசைக்குழு இது. கிட்டார் வாசித்துப் பாடிய ஜெர்ரி கார்சியா இறந்த 1995 வரை சுமார் 2,300 ஷோ வாசித்தார்கள். பாட்டு அதேதான், ஆனால் நேற்று வாசித்தது போல இன்று வாசிக்க மாட்டார்கள். எல்லாம் மனோதர்மம். ரசிகர்கள் டேப் எடுப்பதையும் அவர்கள் தடுக்கவில்லை. 1984இல் டேப்பர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். அதனால்தான் எந்த ஆண்டு சிறந்தது என்று நம்மால் இன்றும் சண்டை போட முடிகிறது. எல்லாம் பதிவாகி இருக்கிறது.

சரி, 5/8/77. இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்தில் அன்றைக்குப் பனி பெய்தது. ஷோவின் இரண்டாவது பாதி முடிவில் வரும் 'மார்னிங் ட்யூ' பாட்டில் கார்சியாவின் கிட்டார் ஏறிக்கொண்டே போகும் இடம் ஒவ்வொரு முறையும் என்னை உலுக்கிவிடும். அது பெரிய ஷோ என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் புகழில் டேப்புக்கும் ஒரு பங்கு உண்டு. பதிவு செய்தவர் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் என்ற பெண்மணி. ஒவ்வொரு கருவியும் பக்கத்தில் நின்று கேட்பது போல இருக்கும். அவருடைய டேப்புகள் வாடகைக் கிடங்கு ஒன்றில் கிடந்து, வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலத்துக்குப் போயின. பிறகு அவற்றின் பிரதிகள் கைமாறிக் கைமாறிப் பரவியபோது, மங்கலான டேப்புகளையே கேட்டுப் பழகியவர்களுக்கு 1977 திடீரென்று கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது. 77இன் மேல் உள்ள காதலில் ஒரு பகுதி பெட்டி கேன்டரின் காதுகளுக்குச் சேர வேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது என் கட்சி. 1971 பிப்ரவரியில் இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் குழுவை விட்டுப் போனார். குழுவின் மேலாளராக இருந்த அவருடைய அப்பா பணத்தைக் கையாடிவிட்டிருந்தார், அந்தக் காயம் ஆறவில்லை. அதிலிருந்து 1974 அக்டோபர் வரை டிரம்ஸில் பில் க்ரொய்ட்ஸ்மன் ஒருவர் மட்டும்தான். இரண்டு டிரம்மர்கள் இருந்தால் தாளத்தின் நடுவில் திரும்புவதற்கு இருவரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் கார்சியா ஒரு சொற்றொடரை வளைத்த மறுகணமே அடி மாறிவிடும். ஃபில் லெஷின் பேஸ் கிட்டார் ஒரு பக்கம் போகும், கீத் காட்சோவின் பியானோ இன்னொரு பக்கம் ஓடும், க்ரொய்ட்ஸ்மன் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு போவார். ஹார்ட் திரும்பி வந்துவிட்ட 77இல், இரண்டு டிரம்மர்களோடு தாளம் கனமாக, உறுதியாக இருக்கிறது. ஆட அது நல்லதுதான். எனக்கு வேண்டியது அந்த வேகத் திருப்பம்.

உதாரணத்துக்கு 8/27/72. ஆரிகன் மாநிலத்தில் வெனிட்டா என்ற ஊர். ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட நடந்த ஷோ. கொளுத்தும் வெயிலில் கிட்டார் சுருதி நிற்கவே இல்லை. அதில் வரும் 'டார்க் ஸ்டார்' பாட்டு அரை மணி நேரத்துக்கும் மேல் போகிறது. எங்கெங்கோ அலைந்து, கிட்டத்தட்ட ஓசை மட்டுமே மிஞ்சிய இடத்திலிருந்து, நேராக ஒரு கௌபாய் பாட்டுக்குள் இறங்குகிறார்கள். அந்த இறக்கத்தைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

1974க்கு இன்னொரு காரணமும் உண்டு: வால் ஆஃப் சவுண்ட். சுமார் 75 டன் எடையில், குழுவுக்குப் பின்னால் சுவர் போல நின்ற ஸ்பீக்கர்கள். வாசிப்பவர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்க மேடையில் வைக்கும் தனி ஸ்பீக்கர், அதாவது மானிட்டர், கிடையாது. ரசிகர்கள் கேட்ட அதே ஒலியைத்தான் வாசிப்பவர்களும் கேட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஸ்பீக்கர் அடுக்கு. லெஷின் பேஸில் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக அனுப்ப முடியும். ஸ்பீக்கர் பின்னால் இருந்தால் மைக்கில் ஊளைச் சத்தம் வர வேண்டுமே? அதற்கு ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இணைத்தார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி விழும் சுவரின் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் வாய் வைத்துப் பாடுவதால் குரல் தங்கிவிடும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் அந்தச் சுவரை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போன செலவும் களைப்பும் அவர்களை மிகவும் வாட்டின. அந்த அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்டில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டு ஓய்வுக்குப் போனார்கள். கடைசி இரவில் ஹார்ட் திரும்பி வந்து வாசித்தார்.

அப்புறம், 1989-90க்கு என்று தனிக் கூட்டமே இருக்கிறது. அப்போது கீபோர்டு வாசித்த பிரென்ட் மிட்லேண்டின் ஆர்கனும் அந்தக் கரகரத்த குரலும் எனக்கும் பிடிக்கும். 3/29/90 அன்று நாசாவ் கொலிசியத்தில் பிரான்ஃபோர்ட் மார்சலிஸ் சாக்ஸபோனோடு வந்து சேர்ந்த இரவு எந்த ஆண்டின் சிறந்த இரவோடும் போட்டி போடும். அந்த ஜூலையில் பிரென்ட் இறந்துபோனார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளை என்னால் வருத்தமில்லாமல் கேட்க முடிவதில்லை.

நண்பருக்கு 5/21/74 சியாட்டில் ஷோவை அனுப்பியிருக்கிறேன். அதில் 'பிளேயிங் இன் த பேண்ட்' ஒரே பாட்டு, 46 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். பதிலுக்கு அவர் 5/9/77 பஃபலோவைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். இன்றிரவு அதைத்தான் கேட்கப் போகிறேன்.